இவர்கள் என் பிள்ளைகள்



2015ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அந்த ஒரே நாளில் மூன்று நாடுகளில் மூன்று தாக்குதல்கள் நடந்தன. பிரான்சில் லியோன் நகருக்கு அருகே ஓர் எரிவாயுத் தொழிற்சாலை தாக்கப்பட்டது; ஒருவர் கொல்லப்பட்டு, அவர் தலை துண்டிக்கப்பட்டது. துனிசியாவின் சூஸ் கடற்கரையில் துப்பாக்கியோடு வந்த ஒருவன் 38 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் 30 பேர் விடுமுறைக்கு வந்திருந்த பிரிட்டிஷ்காரர்கள். மூன்றாவது தாக்குதல் குவைத்தில் நடந்தது. பள்ளிவாசல் ஒன்றில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது.

இவற்றில் எது உங்களுக்கு நினைவிருக்கிறது? யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் துனிசியா என்றுதான் சொல்கிறார்கள். கடற்கரை மணலில் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். குவைத்தை யாரும் சொல்வதில்லை. நான் வானொலியில் வேலை செய்பவள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு செய்தியறிக்கைக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கிடைக்கும். மூன்று தாக்குதல்களையும் அதற்குள் சொல்லியாக வேண்டும். மூன்றாவதாக வருவதற்கு ஒரு வரிதான் மிஞ்சும். இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம், ஐஎஸ் அமைப்பு பொறுப்பேற்றது. அடுத்தது வானிலை.

ஆனால் பல இனமும் பல மதமும் ஒரே தாமானில், ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த மூன்றில் கவனித்துப் படிக்க வேண்டியது குவைத்தைத்தான் என்பேன். குண்டுக்காக அல்ல, குண்டு வெடித்த பிறகு அங்கே நடந்தவற்றுக்காக. ஒரு வாரத்துக்குள் அந்த நாடு மிகச் சரியான ஒரு காரியத்தையும் செய்தது, மிகத் தவறான ஒரு காரியத்தையும் செய்தது.

முதலில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

குவைத் நகரின் நடுவே சவாபிர் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள இமாம் சாதிக் பள்ளிவாசல் ஷியா முஸ்லிம்களுடையது. அது நோன்பு மாதம். வெளியே 40 டிகிரிக்கு மேல் வெயில். உள்ளே ஜும்ஆ தொழுகைக்கு வந்தவர்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்றிருந்தார்கள். அப்போது இடுப்பில் வெடிகுண்டு கட்டிய ஓர் இளைஞன் உள்ளே நுழைந்து அதை வெடிக்கச் செய்தான். 27 பேர் இறந்ததாகவும் 227 பேர் காயமடைந்ததாகவும் அதிகாரிகள் அறிவித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் குவைத் குடிமக்கள். ஈரானியர்கள், இந்தியர்கள், பாகிஸ்தானியர் ஒருவர், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர் ஆகியோரும் அவர்களில் இருந்தார்கள். இந்தக் கடைசி மனிதரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாக்கியவன் குவைத்தைச் சேர்ந்தவன் அல்ல. அவன் சவுதி அரேபியாவைச் சேர்ந்தவன். ரியாத்தில் விமானம் ஏறி, பஹ்ரைனில் மாறி, அன்று விடியற்காலையில்தான் குவைத்தில் இறங்கினான். நண்பகலில் அந்தக் கொடுமையைச் செய்துவிட்டான். இடையில் அந்த நாட்டில் அவன் இருந்தது சில மணி நேரம் மட்டுமே. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஏன் ஒரு ஷியா பள்ளிவாசல்? முஸ்லிம்களில் சுன்னி, ஷியா என்று இரு பெரும் பிரிவுகள் இருப்பது பலருக்கும் தெரியும். குவைத்தில் சுன்னிகள் பெரும்பான்மை, ஷியாக்கள் கணிசமான சிறுபான்மை. இரு தரப்பாரும் ஒரே அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள், அப்போது ஒரே நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்கள். 1990இல் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தபோது இரு தரப்பாரும் சேர்ந்துதான் எதிர்த்தார்கள். அந்த உறவை உடைக்க வேண்டும் என்பதே ஐஎஸ் அமைப்பின் கணக்கு. குவைத் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, மே 22ஆம் தேதி, சவுதியின் கிழக்குப் பகுதியில் குதைஹ் என்ற ஊரில் ஷியா பள்ளிவாசல் ஒன்றில் குண்டு வைத்து 21 பேரைக் கொன்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தம்மாம் நகரில் இன்னொரு பள்ளிவாசலைக் குறிவைத்தார்கள். வாசலில் காவலுக்கு நின்ற தொண்டர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், வந்தவனை உள்ளே விடாமல் தடுத்துத் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

குண்டு வைப்பவன் எதிர்பார்ப்பது மரணத்தை மட்டும் அல்ல. அதற்கு அடுத்த நாளையும் எதிர்பார்க்கிறான். பாதிக்கப்பட்டவர்கள் கோபத்தில் எழ வேண்டும், மற்றவர்கள் பயத்தில் ஒதுங்க வேண்டும். நேற்றுவரை நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரர் இன்று கதவைச் சாத்த வேண்டும். அது நடந்துவிட்டால், வெடிக்காத இடங்களிலும் குண்டு வேலை செய்துவிட்டது என்று பொருள்.

குவைத்தில் அது நடக்கவில்லை. முதல் காரணம் ஒரு முதியவர்.

அப்போதைய மன்னர் ஷேக் சபா அல்-அஹ்மத் அல்-சபாவுக்கு 86 வயது. அவர் சுன்னி. குண்டு வெடித்த சிறிது நேரத்திலேயே அந்தப் பள்ளிவாசலுக்கு வந்துவிட்டார். இரத்தம் காயவில்லை, புகை அடங்கவில்லை. இன்னொரு குண்டு இருக்குமோ, கூரை இடிந்து விழுமோ என்று யாருக்கும் தெரியாது. இங்கே நிற்பது ஆபத்து என்று சொன்னவர்களுக்கு அவர் சொன்ன பதிலைக் குவைத் மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். "இவர்கள் என் பிள்ளைகள்."

அவர் அங்கே நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. ஆனால் அன்று நாடு முழுவதும் பரவியது அந்தச் சொற்கள்தான். ஷியாக்கள், சிறுபான்மையினர், பாதிக்கப்பட்ட தரப்பு என்றெல்லாம் அவர் பிரித்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் என்றார். வீட்டுக்குள் சாவு விழுந்தால் தகப்பன் என்ன செய்வானோ அதைச் செய்தார். அறிக்கை விடவில்லை, நேரில் வந்து நின்றார்.

மறுநாள் ஜனாஸா ஊர்வலத்தில் கொளுத்தும் வெயிலில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். உடல்கள் மீது குவைத் கொடி போர்த்தப்பட்டிருந்தது. சுன்னியும் ஷியாவும் சகோதரர்கள் என்று கூட்டம் முழங்கியது. துக்கம் விசாரிக்கும் இடமாக, சுன்னிகள் தொழும் மாபெரும் பள்ளிவாசலையே ஒதுக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜூலை 3ஆம் தேதி, அதே மாபெரும் பள்ளிவாசலில் இரு பிரிவினரும் ஒரே வரிசையில் நின்று தொழுதார்கள். மன்னரும் வந்திருந்தார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு உடனே புரியாது. இரு பிரிவினரும் தொழும் முறையில் வேறுபாடுகள் உண்டு. கையை எங்கே வைப்பது, நெற்றியை எதன்மேல் வைப்பது என்பதில்கூட வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசங்களை விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் முறைப்படி நீங்கள் தொழுங்கள், எங்கள் முறைப்படி நாங்கள் தொழுகிறோம், ஆனால் பக்கத்தில் நிற்போம் என்பதுதான் அந்த வெள்ளிக்கிழமை சொன்ன செய்தி.

இதுவரை சொன்னது குவைத் செய்த சரியான காரியம். இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் ஜூன் 26க்கும் ஜூலை 3க்கும் நடுவே ஒரு புதன்கிழமை வந்தது.

ஜூலை 1ஆம் தேதி, அதாவது குண்டு வெடித்த ஐந்தாவது நாள், குவைத் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலுள்ள எல்லாரும் தங்கள் மரபணு மாதிரியை அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். அப்போதைய கணக்கில் 13 லட்சம் குடிமக்கள், 29 லட்சம் வெளிநாட்டினர். சுற்றிப் பார்க்க வருபவர்களும் இதற்கு உட்பட்டவர்கள். மறுத்தால் ஓராண்டுவரை சிறை, 10,000 தினார்வரை அபராதம். போலி மாதிரி கொடுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை. இதற்காக 400 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்கினார்கள். ஒரு நாட்டின் மொத்த மக்களிடமும் மரபணுவைக் கட்டாயமாக எடுக்கும் சட்டம் அதற்கு முன் உலகில் எங்கும் இல்லை.

அந்த 29 லட்சம் வெளிநாட்டினரில் தமிழ்நாட்டிலிருந்து போய் வேலை செய்யும் நம்மவர்களும் அடக்கம். ஓட்டுநர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், தாதியர்கள், பொறியாளர்கள். விசாவைப் புதுப்பிக்கப் போகும்போது கொத்தனாராக இருந்தாலும் கணக்காளராக இருந்தாலும் வாயைத் திறந்து எச்சில் மாதிரி கொடுத்தாக வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் ஒரு குடும்ப விருந்தில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. என் மாமா ஒருவர் உடனே கேட்டார்.

"தப்பு பண்ணாதவனுக்கு என்னம்மா பயம்? மைகார்டுக்குப் பெருவிரல் ரேகை கொடுக்கலையா நாமெல்லாம்?"

நியாயமான கேள்விதான். நம்மில் பலர் இப்படித்தான் நினைப்போம். அன்று மாமாவிடம் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன்.

"மாமா, பெருவிரல் ரேகை நீங்க யாருன்னு மட்டும்தான் சொல்லும். மரபணு உங்க அப்பா யாருன்னும் சொல்லும், உங்க பிள்ளை உங்க பிள்ளைதானான்னும் சொல்லும். பரம்பரையா வர்ற சில நோய்களைப் பத்தியும் சொல்லும். அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்துட்டா மூட முடியாது."

குவைத்தில் குடியுரிமை தந்தை வழியாகத்தான் வருகிறது. தந்தை யார் என்பதில் சந்தேகம் எழுந்தால் குடும்ப மானம் மட்டும் போகாது, குடியுரிமையே போகலாம். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லாததால் பள்ளியில் சேர்க்கவும் அடையாள அட்டை எடுக்கவும் அலைந்த குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மரபணுவைக் குற்ற விசாரணைக்கும் உடல்களை அடையாளம் காணவும் மட்டுமே பயன்படுத்துவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் இன்றைய அதிகாரி கொடுக்கும் வாக்கை நாளைய அதிகாரி காப்பாற்றுவார் என்பதற்கு என்ன உறுதி?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தச் சட்டம் ஓராண்டுக்கு முன்பே வந்திருந்தால் அந்தக் குண்டைத் தடுத்திருக்குமா? தாக்கியவன் அன்று விடியற்காலையில்தான் நாட்டுக்குள் வந்தான் என்று முன்பே சொன்னேன். விமான நிலையத்திலேயே அவன் எச்சிலை எடுத்து வைத்திருந்தாலும் அதில் என்ன தெரிந்திருக்கும்? ஒருவன் மனத்தில் இருக்கும் வெறுப்பை எந்த மரபணுவும் காட்டாது. மிஞ்சிப் போனால், வெடித்த பிறகு சிதறியவன் யார் என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். அன்றும் அவன் யார் என்பதை இரண்டு நாளில் கண்டுபிடித்து விட்டார்கள், இந்தச் சட்டம் இல்லாமலே.

இதில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். மன்னர் வந்து நின்றபோது எல்லாரும் பிள்ளைகள். ஐந்தாம் நாள் வந்த சட்டத்தில் எல்லாரும் சந்தேக நபர்கள். அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் சந்தேகிக்க வைக்க வேண்டும் என்று குண்டு வைத்தவன் விரும்பினான். மக்கள் அதற்கு மறுத்துவிட்டார்கள். ஆனால் நாடாளுமன்றம் 42 லட்சம் பேரையும் ஒரே கோப்பில் போட்டுச் சந்தேகப்பட முடிவு செய்தது. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், பயத்தில் கை தூக்கினார்கள்.

பயத்தில் போடும் சட்டத்தின் பாரம் எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழாது. இறந்தவர்களில் குடியுரிமை இல்லாத ஒருவர் இருந்தார் என்று சொன்னேன் அல்லவா? குவைத்தில் அவர்களைப் பிதூன் என்பார்கள். அரபு மொழியில் அதற்கு 'இல்லாமல்' என்று பொருள். பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல, 1961இல் குவைத் சுதந்திரம் அடைந்த காலத்தில் பெயரைப் பதிவு செய்யவில்லை. சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சிலர் அதன் முக்கியத்துவத்தை அறியவில்லை. அவர்களின் பேரப் பிள்ளைகளும் இன்றும் ஆவணம் இல்லாமல் வாழ்கிறார்கள். அவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்பது பொதுவான கணக்கு.

இதைப் படிக்கும்போது நம் தோட்டப்புறக் கதைகள் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி, கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடு கண்மூடிய தாத்தா பாட்டிகள் நம்மிடமும் உண்டு. பாரம் பூர்த்தி செய்யத் தெரியாததால் ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த இரண்டு தலைமுறைகள் தேடி அலைந்திருக்கின்றன.

குண்டுவெடிப்பு வழக்கில் 29 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். அவர்களில் 13 பேர் பிதூன். தாக்கியவனைக் காரில் ஏற்றிச் சென்று பள்ளிவாசலில் விட்ட ஓட்டுநரும் பிதூன்தான். இது தெரிந்ததும் அந்தச் சமூகத்தின் மேல் எத்தனை பார்வைகள் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே குண்டில் செத்தவர்களிலும் ஒரு பிதூன் இருந்தார் என்பது அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு நினைவில் இருந்திருக்கும்?

செப்டம்பர் 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை, அவர்களில் ஐந்து பேர் பிடிபடவே இல்லை. எட்டுப் பேருக்குச் சிறை. மீதி 14 பேர் விடுதலை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். கைது செய்தியில் வந்த எண்ணிக்கை 29. அதை எல்லாரும் கேட்டிருப்பார்கள். விடுதலையான 14 என்ற எண் எத்தனை காதுகளுக்கு எட்டியிருக்கும்? ஊடகத்தில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கைதுச் செய்திக்குக் கிடைக்கும் நேரம் விடுதலைச் செய்திக்குக் கிடைப்பதில்லை. மேல்முறையீட்டில் கடைசியாக ஒரே ஒருவரின் மரண தண்டனை மட்டும் உறுதி செய்யப்பட்டது. அவர் அந்த ஓட்டுநர் அல்லர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்தான் இந்தச் சதியின் முக்கிய ஆள் என்று நீதிமன்றம் கண்டது. குற்றம் செய்தவன் தண்டனை பெற வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அவனோடு சேர்த்து அவன் பிறந்த கூட்டத்தையும் கூண்டில் ஏற்றுவதுதான் தவறு.

ஒற்றுமைக்கும் சோதனை சீக்கிரமே வந்தது. குண்டு வெடித்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில், இராக் எல்லைக்கு அருகே அப்தலி என்ற இடத்தில் மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த ஆயுதங்களைப் போலீஸ் கண்டுபிடித்தது. வெடிமருந்துகள் மட்டும் 19 டன் என்றார்கள். இந்த முறை குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஷியாக்கள். ஈரானுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கும் தொடர்பு என்று வழக்கு. ஜூலையில் தோளோடு தோள் நின்றவர்களுக்கு நடுவே ஆகஸ்டில் மறுபடியும் முணுமுணுப்பு. துக்க வீட்டில் ஒன்றாக நிற்பது ஒரு கட்டம். நம் தரப்பு ஆள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போதும் அந்த உறவைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினமான கட்டம். இரண்டாவதில் தடுமாறினாலும், குவைத் மக்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளத் தெருவில் இறங்கவில்லை.

மரபணுச் சட்டம் என்ன ஆனது?

உள்நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. ஐரோப்பிய மரபணு விஞ்ஞானிகளின் சங்கம் கண்டனம் தெரிவித்தது. மரபணு ஆய்வு நோயைக் குணப்படுத்தும் துறை, அதன்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையே போய்விடும் என்பது விஞ்ஞானிகளின் கவலை. 2016 ஜூலையில் ஐநாவின் மனித உரிமைக் குழு இதைத் திருத்தச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னரே சட்டத்தை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொண்டார். 2017 அக்டோபர் 5ஆம் தேதி குவைத் அரசியலமைப்பு நீதிமன்றம், இது தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது என்று சொல்லிச் சட்டத்தையே ரத்து செய்தது.

ஐந்து நாளில் போட்ட சட்டத்தை எடுக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. பள்ளிவாசலில் மன்னர் சொன்ன சொற்களுக்குச் செலவே இல்லை. அவற்றை ரத்து செய்யச் சொல்லி யாரும் வழக்குப் போடவும் இல்லை. ஷேக் சபா 2020 செப்டம்பரில் தமது 91ஆவது வயதில் காலமானார். அவர் நாற்பது ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், எத்தனையோ நாடுகளுக்கிடையே சமரசம் பேசியவர். ஆனால் அவர் மறைந்தபோது பலர் பகிர்ந்தது அந்தப் பள்ளிவாசலில் அவர் நின்ற படத்தைத்தான்.

இதெல்லாம் எங்கோ வளைகுடாவில் நடந்தது, நமக்கென்ன என்று கேட்கலாம். குவைத் சம்பவத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2016 ஜூன் 28ஆம் தேதி, நம்முடைய பூச்சோங்கில் ஒரு கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வீசினார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். பின்னால் இருந்தது அதே ஐஎஸ் அமைப்பு என்று போலீஸ் உறுதி செய்தது. கால்பந்து பார்க்கப் போனவர்கள் அவர்கள். நம் அண்ணனோ தம்பியோ அங்கே இருந்திருக்கலாம்.

இன்னொன்று இன்னும் நெருக்கமானது. ஜோகூர் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் 16 வயதுப் பையன் ஒருவன் தடுத்து வைக்கப்பட்டான். இரண்டு பள்ளிவாசல்களுக்குள் வெட்டுக்கத்தியோடு புகுந்து தொழ வந்தவர்களைக் கொல்ல அவன் திட்டமிட்டிருந்தான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 51 முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ச் 15ஆம் தேதியையே அவன் நாளாகக் குறித்து வைத்திருந்தான். அவன் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவன், கிறிஸ்துவன். அறையில் உட்கார்ந்து இணையத்தில் பார்த்தவையே அவனை அங்கே கொண்டுபோய் விட்டன.

2021 ஜனவரியில் அந்தச் செய்தி வெளியானபோது நம்மில் எத்தனை பேருக்கு மனம் பதறியது? ஐயோ, நம்ம பிள்ளையா என்று கேட்டோம். கூடவே, இதை வைத்து நம் எல்லாரையும் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டோம். அன்று யாரும் அப்படி நினைக்கவில்லை. கிறிஸ்துவத் தலைவர்களும் முஸ்லிம் தலைவர்களும் உடனே முன்வந்து பேசினார்கள். இந்தியக் குடும்பங்கள் எல்லாம் வந்து விளக்கம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நமக்கு அன்று கிடைத்த அந்த நியாயத்தை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நாளும் ஒன்று வரும்.

அந்த நாளில் நாம் என்ன செய்யலாம்? நாம் யாரும் மன்னர் இல்லை, சட்டம் போடுபவர்களும் இல்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது, அதில் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குண்டு வெடித்த முதல் மணி நேரத்தில் வரும் பெயர்கள், படங்கள், எண்ணிக்கைகளில் பாதி தவறாக இருக்கும். செய்தி அறையில் நாங்களே இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் வாசிக்க மாட்டோம். நீங்களும் அந்த ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். "இவங்களே இப்படித்தான்" என்று ஒரு குரல்பதிவு வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும், தனியாக அழைத்து மரியாதையோடு சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நண்பரோ, சக ஊழியரோ, கீழ்வீட்டுக்காரரோ உங்களுக்கு இருப்பார். அவருக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், வீட்டில் எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் போதும்.

பிறகு ஐந்தாவது நாளுக்காகவும் காத்திருங்கள். அழுகை அடங்கி, பயம் எஞ்சி நிற்கும் நாள் அது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி யார் எதைக் கேட்கிறார்கள், அது நடந்ததைத் தடுத்திருக்குமா, அதன் பாரம் யார் தலையில் அதிகம் விழும் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பலி என்று நாங்கள் வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டால், வானொலிக்கு அழைத்து அதன் பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அந்தச் செய்திக்கும் எங்களால் நேரம் ஒதுக்க முடியும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.